எலும்பு ஆராய்ச்சியில் ஒரு பொய்க்கணக்கு

முதுமையில் ஒருவர் கால் இடறி விழுவது புதுமையான செய்தியன்று. ஆனால், விழுந்தவர் எழுந்திருக்க மாட்டாமல், தொடை இடுப்போடு பொருந்தும் இடத்தைப் பற்றிக்கொண்டு அரற்றுவாராயின், அன்றோடு அந்த வீட்டின் நடைமுறையே மாறிவிடுகிறது. தொடையெலும்பின் கழுத்துப்பகுதி முறிந்த முதியோருள் ஐந்தில் ஒருவரேனும் ஓராண்டுக்குள் இறந்துபோகின்றனர் என்பது பல நாடுகளில் கண்ட அனுபவம். பிழைத்தவர்களிலும் பலர் முன்போல் தாமாக நடமாடுவதில்லை. ஆகவே, அந்த முறிவை வராமல் தடுக்க வழி கண்டேன் என்று ஒரு வைத்தியர் சொன்னால், உலகம் காது கொடுத்துக் கேட்பது இயல்பே. அவ்வாறு சொன்ன ஒருவரைப் பற்றியும், அவர் எழுதிக் குவித்த கட்டுரைகளைப் பற்றியும், அக்கட்டுரைகளை உட்கார்ந்து பொறுமையாக எண்ணிப் பார்த்த நால்வரைப் பற்றியுமே இன்று பேசப்போகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். எலும்பு என்றதும் கல்லைப்போன்ற ஓர் உயிரற்ற பொருள் என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். உண்மையில், எலும்பு ஓயாமல் இடிக்கப்பட்டும் ஓயாமல் கட்டப்பட்டும் வருகின்ற ஒரு வீடு. பழைய எலும்பை அரித்து எடுக்கும் உயிரணுக்கள் ஒருவகை. அந்த இடத்தைப் புதிய எலும்பால் நிரப்பும் உயிரணுக்கள் மற்றொருவகை. இளமையில் கட்டுவோர் கை ஓங்கியிருக்கும். முப்பது வயதை அண்டி எலும்பு தன் முழு வலிமையை எய்துகிறது. பின்னர் மெல்ல மெல்ல இடிப்போர் கை ஓங்குகிறது. மாதவிலக்கு நின்றபின், ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைந்துவிடுவதால், பெண்களுக்கு இத்தேய்வு விரைவாக நிகழ்கிறது. வெளியிலே உருவம் மாறாமல், உள்ளே துளைகள் பெருத்து எலும்பு நொய்ந்துபோகும் இந்த நிலையையே ஒஸ்டியோபொரோசிஸ் என்றும், தமிழில் எலும்புத் தேய்வு என்றும் சொல்கிறோம். நோவு இல்லை, காய்ச்சல் இல்லை. முறிந்த பின்னரே நோய் இருந்தது தெரியவரும்.

பாரிசவாதத்தால் ஒருபக்கம் செயலிழந்தவர்களுக்கும், பார்க்கின்சன் நோயால் கைகால் நடுங்குபவர்களுக்கும், முதுமை மறதியாற் பீடிக்கப்பட்டவர்களுக்கும் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அவர்கள் வெயிலில் நடமாடுவது குறைவு, விழுவதோ அதிகம். எனினும், இத்தகைய நோயாளரைச் சேர்த்து ஆராய்ச்சி செய்வது எளிதன்று. மறதியுள்ளவர் மாத்திரையை மறப்பார். மெலிந்தவர் இடையில் இறப்பார். வேறு சிலர் ஊர் மாறிப் போவர். அதனாலேயே இத்துறையில் ஆராய்ச்சிகள் அரிதாக இருந்தன. அந்த வெற்றிடத்திலேதான் யொஷிஹிரோ சாத்தோ என்னும் யப்பானிய வைத்தியரின் பெயர் தோன்றியது.

சாத்தோ நரம்புநோய் வைத்தியர். யப்பானின் வடபகுதியிலுள்ள ஹிரொசாக்கி சர்வகலாசாலையிலும், பின்னர் தெற்கே கியூஷு தீவில் தகாவா நகரத்து மித்தாத்தே ஆஸ்பத்திரியிலும் கடமையாற்றியவர். தம் வாழ்நாளில் 200க்கும் மேற்பட்ட கட்டுரைகளை வெளியிட்டார். மற்றவர்கள் ஒரு பரிசோதனையை முடிக்கப் பல ஆண்டுகள் அல்லற்படுகையில், அவர் பெயரில் ஒன்றன்பின் ஒன்றாகப் பரிசோதனைகள் வெளிவந்தன. பாரிசவாத நோயாளருக்கு ஒன்று, பார்க்கின்சன் நோயாளருக்கு ஒன்று, மறதி நோயாளருக்கு ஒன்று. ரிசெட்ரொனேற் என்னும் மருந்து ஒருமுறை. விற்றமின் டி ஒருமுறை. விற்றமின் கே ஒருமுறை. நோயாளரை வெயிலில் இருத்துவது இன்னொருமுறை. எதைக் கொடுத்தாலும் எலும்பு காக்கப்பட்டது.

இவற்றுள் பெரும்புகழ் பெற்றது 2005ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்திய சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான கட்டுரை. பாரிசவாதத்தால் ஒருபக்கம் தளர்ந்த, 65 வயதைத் தாண்டிய 628 பேர் இரண்டு சமபங்காகப் பிரிக்கப்பட்டனர் என்றும், ஒரு பங்கினருக்குப் போலிக் அமிலமும் விற்றமின் பி12 வகை ஒன்றும், மறுபங்கினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் இரண்டு ஆண்டுகள் கொடுக்கப்பட்டன என்றும் அது கூறியது. வெறும் மாத்திரை உண்டவர்களில் 27 பேருக்குத் தொடை முறிந்தது. மருந்து உண்டவர்களில் 6 பேருக்கே முறிந்தது. சில சத துணிக்கைகள் பெறுமதியான விற்றமின், ஐந்தில் நான்கு முறிவைத் தடுத்துவிட்டது என்பதே இதன் பொருள். உண்மையாயின் எவ்வளவு பெரிய கொடை! அதே ஆண்டில், அதே சங்கத்தின் மற்றொரு சஞ்சிகையில், மறதி நோயுள்ள 500 பெண்களையும், பாரிசவாதம் கண்ட 280 ஆண்களையும் பற்றி அவர் எழுதிய இரு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன.

இதனை மற்றொரு பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. ரிசெட்ரொனேற் மருந்து தொடை முறிவைத் தடுக்குமா என்று அறிய, 70 வயதும் அதற்கு மேலுமான 9,331 பெண்களைப் பல நாடுகளிலே சேர்த்து ஓர் ஆராய்ச்சி நடத்தினர். அதன் முடிவு 2001இல் வெளிவந்தது. வெறும் மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 3.9 பேருக்குத் தொடை முறிந்தது. மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு 2.8 பேருக்கு முறிந்தது. நல்ல பயன்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பத்தில் மூன்று பங்குக் குறைவே. அதை ஐயமற நிறுவுவதற்கே ஒன்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வேண்டியிருந்தார்கள். மெய்யான மருந்துகள் பெரும்பாலும் இப்படித்தான், அடக்கமாகவே வேலை செய்கின்றன.

ஐயங்கொண்டவர்கள் இல்லாமற் போகவில்லை. ஸ்கொட்லாந்திலே அபர்டீன் சர்வகலாசாலையைச் சேர்ந்த அலிசன் அவெனல் அம்மையார், விற்றமின் டி முறிவைத் தடுக்குமா என்பது பற்றி வெளிவந்த ஆராய்ச்சிகளை 2006ஆம் ஆண்டில் தொகுத்துக்கொண்டிருந்தார். சாத்தோவின் இரு கட்டுரைகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது அவர் கண்ணில் ஒன்று பட்டது. ஒன்று பாரிசவாத நோயாளரைப் பற்றியது. மற்றது பார்க்கின்சன் நோயாளரைப் பற்றியது. ஆனால் இரண்டிலும், உடல் எடையை உயரத்தோடு ஒப்பிட்டுக் கணிக்கும் சராசரி அளவு, பிசகாமல் ஒரே எண்ணாக இருந்தது. அவர் அக்கட்டுரைகளைத் தம் தொகுப்பிலே சேர்க்காமல் விட்டுவிட்டார். அடுத்த ஆண்டில், ஜெர்மனியிலிருந்து சில ஆராய்ச்சியாளர் சாத்தோவின் பரிசோதனைகள் நம்பத்தக்கனவா என்று வினவி, அவற்றை வெளியிட்ட சஞ்சிகைக்கே கடிதம் எழுதினர். கடிதம் அச்சாயிற்று. கட்டுரைகள் இருந்தபடியே இருந்தன.

பல ஆண்டுகளின் பின், நியூசிலாந்தின் ஒக்லண்ட் சர்வகலாசாலையில் எலும்பு ஆராய்ச்சி செய்துவந்த மார்க் பொலண்ட் என்பவர் இதே வழியில் வந்து இதே இடத்தில் தடுக்கினார். அவரும், அவருடைய சகபாடிகளான அன்ட்ரூ கிரே, கிரெக் கம்பிள் ஆகியோரும், அவெனல் அம்மையாரும் ஒன்றுசேர்ந்தனர். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முதுமொழி. ஒருவர்மீது பொய்க்கணக்கு என்னும் பழியைச் சுமத்துவதற்கு அந்த ஒரு சோறு போதாது. ஆகையால் அவர்கள் பானையையே கவிழ்த்து, 33 பரிசோதனைகளை எடுத்து, ஒவ்வொரு பருக்கையாக எண்ணத் தொடங்கினார்கள்.

அவர்கள் கையாண்ட முறையை நேயர்கள் அறிந்துகொள்வது பயனுடையது, கடினமானதுமன்று. மருந்துப் பரிசோதனையில் யார் எந்தப் பங்கிற் சேர்வது என்பதைத் திருவுளச்சீட்டுப் போடுவதுபோலத் தற்செயலுக்கு விட்டுவிடுவார்கள். ஒரு வண்டி மாம்பழத்தை ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கூடையிலே பங்கிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கூடையின் எடையும் ஏறக்குறைய ஒத்திருக்கும். ஆனால் பிசகாமல் ஒத்திருக்காது. ஒருநாள் சிறிது வித்தியாசம், இன்னொருநாள் கணிசமான வித்தியாசம், எப்போதாவது ஒருநாள் திடுக்கிட வைக்கும் வித்தியாசம். தற்செயலின் இயல்பு அது. அவ்வாறன்றி, முப்பத்து மூன்று நாளும் எடை, எண்ணிக்கை, பழத்தின் பருமன், நிறம் எல்லாம் இரு கூடையிலும் ஒத்தே இருந்தன என்று வியாபாரி கணக்குக் காட்டினால், அவர் கண்ணை மூடவில்லை என்றோ, பழமே இல்லை என்றோ நாம் முடிவு செய்யலாம்.

சாத்தோவின் ஏடுகளில் இரு பங்கினரின் வயது, எடை, இரத்தத்திலுள்ள விற்றமினின் அளவு முதலியன அளவுக்கு மீறி ஒத்திருந்தன. தற்செயலாக இப்படி நிகழக்கூடுமா என்று அந்த நால்வரும் கணித்தார்கள். கிடைத்த எண்ணை எழுதவேண்டுமாயின், தசமப் புள்ளியை இட்டு, அதன்பின் 81 சுழியங்களை இட்டு, அப்புறமே முதல் இலக்கத்தை எழுதவேண்டும். அதாவது, கூடாது.

மற்றவை மனிதர் எவருக்கும் விளங்கத்தக்கவை. மெலிந்து நோயுற்ற முதியவர்கள் பலர் கலந்துகொண்ட பரிசோதனைகளில் இறந்தவர் மிகச் சிலர்; இடையில் விலகியவரும் மிகச் சிலர். கொடுத்தது மருந்தோ விற்றமினோ எதுவாயினும், நூறு தொடைகள் முறியவேண்டிய இடத்தில் சராசரி 22 மட்டுமே முறிந்தன. வேறு எவருடைய ஆராய்ச்சியிலும் காணப்படாத விளைவு இது. ஒரு கட்டுரையில் வந்த எண்களும் வாக்கியங்களும் மற்றொரு கட்டுரையில் மீண்டும் தலைகாட்டின. என் மனத்தில் ஆழத் தைத்தது அந்த இறப்பைப் பற்றிய குறிப்பே. பொய் புனைபவர் முறிவுகளை எண்ணி எழுத மறக்கவில்லை. முதியவர்கள் இறப்பார்கள் என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

இவ்வளவையும் எழுதி அவர்கள் 2013ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்திய சங்கத்தின் சஞ்சிகைக்கு அனுப்பினர். அதன்பின் நடந்தது நீண்ட காத்திருப்பு. சஞ்சிகை ஆசிரியருக்கு ஒரு வழக்கம் உண்டு: குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் விளக்கம் கேட்பார்; பின் அவர் பணிபுரியும் நிறுவனத்திடம் விசாரிக்கச் சொல்வார்; நிறுவனம் வாய்திறக்கும்வரை காத்திருப்பார். நீதிக்கு இது அவசியமே. ஆராயாமல் ஒருவரைத் தண்டித்தல் தகாது. ஆனால் அந்தக் காலமெல்லாம் கட்டுரை நிமிர்ந்து நிற்கிறது, வைத்தியர்கள் அதைப் படிக்கிறார்கள் என்பதையும் நாம் மறத்தலாகாது. 2015இல் அச்சஞ்சிகை, 628 பேரைப் பற்றிய கட்டுரையின்மீது தனக்குக் கவலை உண்டு என்று ஒரு குறிப்பை மட்டும் வெளியிட்டது. 2016இல் கட்டுரையை மீட்டுக்கொண்டது. அதே ஆண்டில், நியூரொலொஜி என்னும் நரம்புநோய்ச் சஞ்சிகையும் தன்னிடம் வந்த சாத்தோவின் கட்டுரைகளை மீட்டது. நவம்பரில் அந்த நால்வரின் ஆய்வையும் முழுமையாக அச்சிட்டது. பிழைக்குத் தாமே பொறுப்பு என்று சாத்தோ ஒப்புக்கொண்டார். பின்னர் அவர் காலமானார். அவர் பெயரில் மீட்கப்பட்ட கட்டுரைகள் இன்று நூற்றுக்கும் மேல்.

அந்த ஒப்புதலில் ஒரு செய்தி கவனத்துக்குரியது. தம்முடன் ஆசிரியர்களாகப் பெயர் பொறிக்கப்பட்டவர்கள் ஆராய்ச்சியிற் பங்குகொள்ளவில்லை என்றும், மரியாதைக்காகவே அவர்கள் பெயர் சேர்க்கப்பட்டது என்றும் அவர் தெரிவித்தார். கலியாண அழைப்பிதழில் ஊர்ப் பெரியவர்களின் பெயரைப் போடுகிறோமே, அதைப் போன்றது இது. அழைப்பிதழில் அதனால் எவருக்கும் தீங்கில்லை. ஆராய்ச்சிக் கட்டுரையிலோ, ஐந்து பெயர்களைக் காண்பவர் ஐந்து பேர் கணக்கைச் சரிபார்த்தார்கள் என்று நம்புகிறார். ஒருவருமே பார்க்கவில்லை என்பது பின்னரே தெரிகிறது. உத்தியோக உயர்வும் மதிப்பும் கட்டுரைகளின் தொகையைக்கொண்டு அளக்கப்படும் இடத்தில், இரவற் பெயருக்குக் கிராக்கி இருப்பதில் வியப்பென்ன?

இனி, இதனால் நோயாளருக்கு நேர்ந்தது யாது? ஒரு வைத்தியர் எந்தத் தனிக் கட்டுரையையும் படித்துவிட்டு மருந்து எழுதுவதில்லை. பல பரிசோதனைகளை ஒன்றுதிரட்டிக் கூட்டிக் கழித்துச் சொல்லும் தொகுப்பாய்வுகள் உண்டு. அவற்றை ஆதாரமாகக்கொண்டு சங்கங்கள் வெளியிடும் சிகிச்சை வழிகாட்டிகளும் உண்டு. இவை வாய்க்கால்கள் போன்றவை. ஊற்றிலே நஞ்சு கலந்தால் வாய்க்கால் அறியாது, வயலும் அறியாது. சாத்தோவின் பரிசோதனைகளில் 12ஐ மட்டும் எடுத்து, அவை எங்கெங்கு பாய்ந்தன என்று அவெனல் அம்மையாரும் தோழர்களும் தேடினார்கள். 2016 முடிவில் அவற்றை மேற்கோள் காட்டிய வெளியீடுகள் 1,158. அவற்றுள் 68, தொகுப்பாய்வுகளும் வழிகாட்டிகளும் புதிய பரிசோதனைகளுமாக இருந்தன. பொய்யான பரிசோதனைகளை நீக்கிவிட்டால் 13 வழிகாட்டிகள், ஆய்வுகளின் முடிவே மாறிவிடக்கூடும் என்று அவர்கள் கண்டார்கள்.

புதிய பரிசோதனைகள் என்ற சொல்லை நாம் சும்மா கடந்து போகக்கூடாது. பொய்யான ஏட்டை மெய்யென நம்பி, மெய்யான மனிதர்களைச் சேர்த்து, மெய்யான மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் உண்ணக் கொடுப்பது அது. போலிக் அமிலத்தையும் பி12ஐயும் நெதர்லாந்தில் 65 வயதைத் தாண்டிய 2,919 பேருக்கு இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த ஒரு பரிசோதனையின் முடிவு 2014இல் வெளிவந்தது. மொத்தமாகப் பார்க்கையில் முறிவு குறையவில்லை. ஐந்தில் நான்கு எங்கே, இது எங்கே!

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும்: அப்படியானால், என் வைத்தியர் எலும்புக்காகத் தந்திருக்கும் மாத்திரையும் பொய்தானோ? இல்லை. ரிசெட்ரொனேற் போன்ற மருந்துகளின் பயன் சாத்தோவை நம்பி நிற்கவில்லை. சற்றுமுன் சொன்ன ஒன்பதினாயிரம் பெண்களைப் போன்ற வேறு பலரின் பரிசோதனைகளில் நிற்கிறது. மாத்திரையை எவரும் தாமாக நிறுத்திவிடவேண்டாம், வைத்தியரைக் கேளுங்கள். சாத்தோவின் ஏடுகள் கெடுத்தது, பாரிசவாதம், பார்க்கின்சன் நோய், மறதி நோய் ஆகியவை கண்டவர்களுக்கு எது உதவும் என்ற அறிவையே. அவர்களைப் பற்றி வேறு ஆராய்ச்சிகள் அதிகம் இல்லாததால், ஒருவர் எழுதிய பொய் அங்கே அளவுக்கு மிஞ்சிய இடத்தைப் பிடித்துக்கொண்டது. தம்மைப் பற்றித் தாமே பேச இயலாத நோயாளரைத் தெரிந்தெடுத்து அவர்கள் பெயரில் இது நடந்திருக்கிறது என்பது வேதனைக்குரியது.

கட்டுரையை மீட்டுக்கொண்டால் தீமை நீங்கிவிடும் என்றே சாதாரணமாக நினைப்போம். அந்த ஆராய்ச்சியாளர்கள் அதையும் சும்மா நம்பிவிடவில்லை. மீட்கப்பட்ட 27 பரிசோதனைகளை ஆதாரமாகக்கொண்ட 88 தொகுப்பாய்வுகளையும் வழிகாட்டிகளையும் தேடிப் பிடித்து, அவற்றை எழுதியவர்களுக்குக் கடிதம் அனுப்பினர். சிலருக்கு ஒருவர் பெயரில், சிலருக்கு மூவர் பெயரில், சிலருக்குச் சஞ்சிகை ஆசிரியரையும் சேர்த்து அனுப்பினர். எந்த வழி பலன் தரும் என்பதையும் திருவுளச்சீட்டுப் போட்டே சோதித்தார்கள்! உங்கள் நூலின் அடித்தளத்தில் உள்ள கல் போலியானது, திருத்துங்கள் என்பதே கடிதத்தின் சாரம். அதன் பலன் 2022இல் வெளியாயிற்று. ஏறத்தாழப் பாதிப்பேர் பதில் எழுதினர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வாசகர் அறியும்படி அறிவித்தல் வெளியிட்டவை 88இல் எட்டே எட்டு.

சாத்தோவின் 628 நோயாளரைப் பற்றிய கட்டுரையை இன்று கணினியிலே தேடுபவர்கள், அது மீட்கப்பட்டது என்னும் குறிப்பையும் கூடவே காண்பார்கள். நூலக அலமாரிகளில் கட்டிவைத்த 2005ஆம் ஆண்டுச் சஞ்சிகைத் தொகுதிகளிலோ, 27 என்றும் 6 என்றும் அச்சடித்த எண்கள் அச்சடித்தபடியே இருக்கின்றன.